வெளுத்ததெல்லாம் பாலா?

தேக்கா நிலையத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை. தேநீர்க் கடையின் முன் நீண்ட வரிசை நிற்கிறது. முதலில் நிற்பவர், "ஒரு தே தாரிக்" என்கிறார். அடுத்தவர், "தே ஓ, சீனி கொஞ்சமா" என்கிறார். மூன்றாவதாக நிற்கும் மாணவி சற்றுத் தயங்கி, "அண்ணே, ஓட்ஸ் பால் இருக்கா?" என்று கேட்கிறாள். கடைக்காரர் சிரிக்கிறார். "மாட்டுப் பால் இருக்கும்மா, டின் பால் இருக்கு. ஓட்ஸைக் கறக்க எனக்குத் தெரியாதே!" வரிசையில் நிற்பவர்களும் சிரிக்கின்றனர். மாணவியும் சிரித்துக்கொண்டே ஒரு தே ஓ வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள்.

இதுபோன்ற காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம், சிரித்தும் இருப்போம். ஆனால், அந்த மாணவி ஏன் ஓட்ஸ் பால் கேட்டாள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவள் சமூக ஊடகத்தில் பார்த்த ஒரு விளம்பரம் காரணமாக இருக்கலாம். பால் குடித்தால் அவளுக்கு வயிறு உப்பி வலிப்பதும் காரணமாக இருக்கலாம். முதலாவது விருப்பம், இரண்டாவது தேவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் ஓட்ஸ் பாலைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் தவறான திசையில் போகிறது. ஒரு சாரார், "இதுதான் உடலுக்கு நல்லது, மாட்டுப் பாலை விட்டுவிடுங்கள்" என்கின்றனர். மற்றொரு சாரார், "இதெல்லாம் வீண் பகட்டு" என்கின்றனர். இரண்டுமே சரியன்று என்பது என் கருத்து. 'எந்தப் பால் சிறந்தது?' என்று கேட்பதை விட்டு, 'யாருக்கு எந்தப் பால் ஏற்றது?' என்று கேட்க நாம் பழக வேண்டும்.

பாலுக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இன்று கடைகளும் உணவகங்களும் நிறைந்திருக்கும் சிராங்கூன் சாலைப் பகுதியில் 19 ஆம் நூற்றாண்டில் மாட்டு வணிகம் செழித்திருந்தது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய பெயர்கள் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றன. 'கெர்பாவ்' என்னும் மலாய்ச் சொல்லுக்கும் எருமை என்பதே பொருள். கறந்த பாலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த இந்தியப் பால்காரர்கள் நம் தாத்தா, பாட்டி காலத்து நினைவுகளில் வாழ்கின்றனர். பொங்கலன்று பால் பொங்கி வழிந்தால்தான் நமக்கு மனநிறைவு. தைப்பூசத்தன்று ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பக்தர்கள் பால்குடம் ஏந்திச் செல்கின்றனர். இத்தகைய பண்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு, "எனக்குப் பால் வேண்டாம்" என்று ஒருவர் சொல்வது விந்தையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. விருந்தினர் பாலை மறுத்தால், நம் அன்பையே மறுத்ததுபோல் சிலர் வருந்துவதும் உண்டு.

ஆனால், உடல் பண்பாட்டைப் பார்த்து இயங்குவதில்லை. பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க, லாக்டேஸ் என்னும் நொதி நம் சிறுகுடலில் சுரக்க வேண்டும். குழந்தைப் பருவத்தில் அது நன்றாகச் சுரக்கும். வளர வளரப் பலருக்கு அது குறைந்துவிடுகிறது. உலக மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸை முழுமையாகச் செரிக்கும் ஆற்றல் இல்லை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். கிழக்காசிய மக்களிடம் இந்நிலை மிகப் பரவலாகக் காணப்படுகிறது. இந்தியாவிலும் வடக்கில் வாழ்பவர்களைவிடத் தெற்கில் வாழ்பவர்களிடம் இது கூடுதலாக உள்ளது. செரிக்கப்படாத லாக்டோஸ் பெருங்குடலை அடையும்போது, அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. அதனால்தான் வயிறு உப்புகிறது, வலிக்கிறது, சிலருக்குப் பேதியும் ஆகிறது. எனவே, "பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று வகுப்புத் தோழர் சொன்னால் அதை ஒரு சாக்குப்போக்கு என்று நினைப்பது அறியாமையாகும்.

இத்தகையவர்களுக்கு ஓட்ஸ் பால் உண்மையிலேயே ஒரு வரம். அது தோன்றிய கதையும் இதையே காட்டுகிறது. சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உணவு அறிவியலாளர் ரிக்கார்ட் ஓஸ்ட்டே, 1990களில் இதற்கான செய்முறையை உருவாக்கினார். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களும் குடிக்கக்கூடிய ஒரு பானம் வேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கம். ஓட்ஸைத் தண்ணீருடன் சேர்த்து அரைத்து, அதில் நொதிகளைக் கலக்கின்றனர். அவை ஓட்ஸில் உள்ள மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகின்றன. பிறகு சக்கையை வடிகட்டிவிட்டு, சிறிதளவு தாவர எண்ணெய், உப்பு, கால்சியம், வைட்டமின்கள் முதலியவற்றைச் சேர்த்துச் சூடாக்கிப் பெட்டிகளில் அடைக்கின்றனர். சீனியே சேர்க்காத ஓட்ஸ் பாலும் சற்று இனிப்பதற்கு இந்த மால்டோஸே காரணம்.

ஓட்ஸ் பாலால் பயன் அடைவோர் இன்னும் சிலர் உள்ளனர். பால் ஒவ்வாமை உடையவர்கள் அவர்களுள் முதன்மையானவர்கள். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமையும் பால் ஒவ்வாமையும் ஒன்றே என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. முன்னது செரிமானம் தொடர்பானது. தொல்லை தரும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. பின்னது உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் பாலில் உள்ள புரதத்தைப் பகையாகக் கருதுவதால் ஏற்படுவது. ஒரு துளி பால்கூடச் சிலருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும். முன்னவருள் பலர் தயிரையோ மோரையோ லாக்டோஸ் நீக்கிய பாலையோ தொல்லையின்றிக் குடிக்கலாம். பின்னவர் அவற்றைத் தொடவே கூடாது. மேலும், மாட்டுப் பாலைச் சூடாக்கிய அதே குவளையில் ஓட்ஸ் பாலையும் ஊற்றிக் கொடுத்தால் பின்னவருக்கு ஆபத்து நேரலாம். அத்தகையவர் ஒருவர், "குவளையைக் கழுவிவிட்டுப் போடுங்கள்" என்று கேட்டால், அது பிடிவாதம் அன்று, தற்காப்பு.

நனிசைவர்களும் ஓட்ஸ் பாலை நாடுகின்றனர். நம் சைவ உணவில் பாலுக்கும் தயிருக்கும் நெய்க்கும் இடம் உண்டு. நனிசைவர்களோ விலங்குகளிடமிருந்து கிடைக்கும் எதையும் உண்பதில்லை. சோயா ஒவ்வாமை உடையவர்களுக்கும் சோயாவின் சுவை பிடிக்காதவர்களுக்கும் ஓட்ஸ் பால் மாற்றாக அமைகிறது. சுற்றுச்சூழலை எண்ணி இதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உள்ளனர். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் புவர், தாமஸ் நெமெசெக் என்பவருடன் இணைந்து 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் தரவுகளின்படி, 1 லிட்டர் மாட்டுப் பாலை உற்பத்தி செய்யும்போது ஏறத்தாழ 3 கிலோகிராம் கரிம வாயுவுக்கு இணையான பசுமைக்குடில் வாயுக்கள் வெளியாகின்றன. ஓட்ஸ் பாலுக்கு அது 1 கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவு. இக்காரணங்கள் அனைத்தும் மதிக்கத்தக்கவை.

இவ்வளவு நன்மைகள் இருக்கும்போது, எல்லாரும் ஓட்ஸ் பாலுக்கே மாறிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்குதான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். 'வெளுத்ததெல்லாம் பால் அன்று' என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. ஓட்ஸ் பால் பார்ப்பதற்குப் பாலைப் போன்றது. காப்பியில் கலந்தால் பாலைப் போலவே நுரைக்கும். ஆனால், சத்தில் அது பாலுக்கு நிகரன்று.

முதலில் புரதத்தைப் பார்ப்போம். 250 மில்லிலிட்டர் மாட்டுப் பாலில் ஏறத்தாழ 8 கிராம் புரதம் உள்ளது. சோயாப் பாலிலும் பெரும்பாலும் ஏறத்தாழ அதே அளவு இருக்கும். ஓட்ஸ் பாலிலோ பொதுவாக 2 அல்லது 3 கிராம்தான் இருக்கும். உங்களைப் போன்ற வளரும் பிள்ளைகள், காலையில் அருந்தும் ஒரு குவளைப் பாலை நிறுத்திவிட்டு ஓட்ஸ் பாலுக்கு மாறினால், அந்தப் புரதத்தை முட்டை, பருப்பு, தவ்வு, மீன் போன்ற வேறு உணவிலிருந்து பெற வேண்டும். மாறுபவர்கள் எல்லாரும் இதை நினைவில் வைத்திருக்கிறார்களா என்பதே என் ஐயம்.

அடுத்தது கால்சியம். பதின்ம வயதினருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. நம் எலும்புகள் உறுதி பெறும் பருவம் இதுதான். மாட்டுப் பாலில் கால்சியம் இயல்பாகவே உள்ளது. ஓட்ஸ் பாலில் அதை நிறுவனங்கள் சேர்த்தால்தான் உண்டு. எல்லா நிறுவனங்களும் சேர்ப்பதில்லை. சேர்த்திருந்தாலும் அது அடியில் தங்கிவிடக்கூடும். பெட்டியை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால், நாம் காசு கொடுத்து வாங்கிய சத்து குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். காணொளியைப் பார்த்து வீட்டிலேயே ஓட்ஸை அரைத்து வடிகட்டுவோரும் உள்ளனர். அது செலவைக் குறைக்கும். ஆனால், அதில் சேர்க்கப்பட்ட கால்சியமும் இல்லை, வைட்டமினும் இல்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நம் சமையலறையிலேயே வேறு வழிகள் உள்ளன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரையும் முள்ளோடு உண்ணும் நெத்திலியும் கால்சியம் மிகுந்தவையே. தேக்கா ஈரச்சந்தைக்குச் சென்றால் இவை எளிதில் கிடைக்கும். ஆனால், இவற்றுக்குக் கவர்ச்சியான விளம்பரம் செய்ய யாரும் இல்லை!

மூன்றாவது, சர்க்கரை. சிங்கப்பூரில் நீரிழிவு நோய் ஒரு பெரும் சவால். சுகாதார அமைச்சு 2016 ஆம் ஆண்டில் அதற்கு எதிராகப் போர் அறிவித்தது. சீனர்களைவிட இந்தியர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. நம் வீடுகளில் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ நீரிழிவு இருக்கக்கூடும். "ஓட்ஸ் நல்லது" என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, ஓட்ஸ் பாலும் அதே நன்மையைத் தரும் என்று நம்பி, அதை அவர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கின்றனர். அன்பினால் செய்வதுதான், ஆனால், அதில் ஒரு பிழை மறைந்திருக்கிறது. ஓட்ஸில் பீட்டா குளூக்கன் என்னும் நார்ச்சத்து உள்ளது. நாள்தோறும் 3 கிராம் பீட்டா குளூக்கன் உண்பது இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்க உதவும். ஆனால், ஓட்ஸைப் பாலாக்கும்போது நார்ச்சத்தின் ஒரு பகுதி சக்கையோடு போய்விடுகிறது. மாவுச்சத்தோ மால்டோஸாக மாறிவிடுகிறது. மால்டோஸ் இரத்தத்தில் சர்க்கரை அளவை விரைவாக உயர்த்தக்கூடியது. எனவே, ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியும் ஒரு குவளை ஓட்ஸ் பாலும் ஒன்றல்ல. நீரிழிவு உள்ளவர்கள் சீனி சேர்க்காத சோயாப் பாலையோ கொழுப்பு குறைந்த பாலையோ தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நன்று. ஆயினும், பாதிக்கும் மேல் சர்க்கரையாகவே உள்ள டின் பாலை ஊற்றித் தே தாரிக் குடிப்பவர், ஓட்ஸ் பாலைக் குறைசொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேறு சிலரும் கவனமாக இருக்க வேண்டும். ஓட்ஸில் குளூட்டன் இயல்பாக இல்லையென்றாலும், வயலிலோ ஆலையிலோ கோதுமையோடு கலந்துவிடலாம். ஆதலால், குளூட்டனைத் தவிர்க்க வேண்டிய நோயாளிகள், குளூட்டன் இல்லை என்று குறிப்பிட்ட பெட்டியை மட்டுமே வாங்க வேண்டும். 1 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோ அவர்களுக்கென்றே தயாரிக்கப்படும் பால்மாவோதான் கொடுக்க வேண்டிய பால். ஓட்ஸ் பால் ஒருபோதும் அதற்கு ஈடாகாது. சிறுநீரக நோயாளிகள் எந்தப் பாலைக் குடிப்பது என்பதை மருத்துவரோ உணவியல் வல்லுநரோதான் சொல்ல வேண்டும்.

"இவ்வளவும் யாருக்கு நினைவில் இருக்கும்? அதற்குத்தான் நியூட்ரி-கிரேட் குறியீடு இருக்கிறதே!" என்று சிலர் கூறலாம். 2022 டிசம்பர் 30 முதல் பெட்டிகளிலும் புட்டிகளிலும் அடைத்து விற்கப்படும் பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடைகளில் உடனுக்குடன் தயாரிக்கப்படும் பானங்களுக்கும் இக்குறியீடு நடைமுறைக்கு வந்தது. ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் இத்திட்டம் மிகவும் பயனுள்ளது. அதை நான் பாராட்டுகிறேன். ஆனால், அது சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் மட்டுமே அளக்கிறது. புரதம் எவ்வளவு, கால்சியம் உண்டா, ஒவ்வாமை ஏற்படுத்தும் பொருள் இருக்கிறதா என்பவற்றை அந்த ஓர் எழுத்து சொல்லாது. அவற்றை அறிய, பெட்டியைத் திருப்பிப் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும். ஓர் எழுத்தைப் பார்ப்பதற்கு ஒரு நொடி போதும். பத்து வரிகளைப் படிக்க ஒரு நிமிடம் ஆகும். நம் உடல் அந்த ஒரு நிமிடத்திற்குத் தகுதியானதுதானே?

இன்னும் சிலர், "இதற்குப் பால் என்று பெயர் வைத்ததே தவறு" என்று வாதிடுகின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், தாவரத்திலிருந்து செய்யப்படும் பானங்களைப் பால் என்னும் பெயரில் விற்கக்கூடாது என்று 2017 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆனால், தமிழருக்கு இந்தச் சிக்கல் இல்லை. தேங்காய்ப்பால் இல்லாமல் ஆப்பம் உண்டா? இரப்பர் மரத்தில் வடிவதையும் பால் என்கிறோம். கள்ளிச் செடியில் வடிவதையும் பால் என்கிறோம். இரப்பர் பாலை யாரும் தேநீரில் ஊற்றுவதில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் பயன் வேறு என்பது நமக்கு எப்போதும் தெரியும். அந்தத் தெளிவை ஓட்ஸ் பாலிலும் காட்டினால் போதும்.

விலையையும் பற்றிச் சொல்ல வேண்டும். பேரங்காடிகளில் ஓட்ஸ் பால் பல சமயங்களில் சோயாப் பாலைவிட விலை கூடுதலாக இருக்கிறது. பல காப்பிக் கடைகளில் ஓட்ஸ் பாலுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. விருப்பத்திற்காக வாங்குபவர் அதைக் கொடுக்கலாம். பால் ஒத்துக்கொள்ளாதவரோ தம் உடலின் இயல்புக்காக ஒவ்வொரு நாளும் அபராதம் கட்டுவதுபோல் ஆகிறது. இது முறையா என்று கடைக்காரர்கள் சிந்திக்க வேண்டும். அதே வேளையில், விலை உயர்ந்ததுதான் சத்து மிகுந்தது என்று நாமும் எண்ணிவிடக் கூடாது. உணவங்காடி நிலையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீனி குறைத்த சோயாப் பால், புரதத்தில் அந்த விலை உயர்ந்த பானத்தை எளிதாக வென்றுவிடும். சந்தையின் போக்கும் நிலையானதன்று. ஓட்லி நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 2024 ஆம் ஆண்டின் இறுதியில் அந்தத் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. நிறுவனங்கள் வரும், போகும். நம் எலும்பும் இரத்தமும் நம்முடனேயே இருக்கும்.

திருக்குறளில் 95 ஆவது அதிகாரமாகிய 'மருந்து', உடலோடு மாறுபடாத உணவை அளவறிந்து உண்ண வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. வள்ளுவர் காலத்தில் ஓட்ஸ் பால் இல்லை. ஆனால், அவர் சொன்ன வழி இன்றும் பொருந்துகிறது. உன் உடலுக்கு எது மாறுபடுகிறது என்று கவனி; அதை அறிந்து உண். பக்கத்தில் இருப்பவர் குடிக்கிறார் என்பதற்காகக் குடிக்காதே. அவர் குடிக்கவில்லை என்பதற்காக அவரைக் கேலி செய்யாதே.

மீண்டும் அந்தத் தேநீர்க் கடைக்கு வருவோம். அடுத்த முறை ஒரு மாணவி, "ஓட்ஸ் பால் இருக்கா?" என்று கேட்கும்போது, கடைக்காரர், "இல்லையேம்மா, பால் ஒத்துக்கொள்ளாதா? இஞ்சி போட்டு ஒரு தே ஓ தரட்டுமா?" என்று கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வரிசையில் நிற்கும் நாமும் சிரிப்பதற்கு முன் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். வீட்டிற்கு வரும் நண்பருக்குத் தேநீர் கொடுக்கும் முன், "உங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பால் கொடுப்பது நம் விருந்தோம்பல்தான். வருபவருக்கு ஏற்றது எது என்று கேட்டுக் கொடுப்பது அதைவிடச் சிறந்த விருந்தோம்பல் அல்லவா?